இலக்கு நிறைவு

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது சார். நிமிர்ந்து உட்கார முடிகிறது. எழுந்திருக்க நினைத்தால் எழுந்திருக்கவும் முடியும் போலிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருக்கும் சோபாவில் அது நடக்காது. அறுபது தாண்டியவர் யாராவது அதில் உட்கார்ந்தால் உள்ளே போய்விடுவார். முழங்கால் முகவாய்க்கு வந்துவிடும். கையெழுத்துப் போடும்வரை எழுந்திருக்கத் தோன்றக் கூடாது என்று எங்கள் நிர்வாக இயக்குநர் பார்த்துப் பார்த்து வாங்கிய சோபா அது. கையெழுத்து ஆனதும் நான் போய்க் கையைக் கொடுப்பேன். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். இருபத்தாறு வருஷமாக என் வேலையில் பாதி அதுதான். மீதிப் பாதியைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

சொல்கிறேன். தட்டச்சு செய்கிற அம்மாவுக்கு வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். எனக்கும் வேகமாகப் பேசத் தெம்பில்லை.

என் தொழிலுக்குப் பெயர் ஓய்வுகால வருமான ஆலோசகர். அட்டையில் இன்னும் நீளமாக இருக்கும், படிக்க வேண்டாம். வேலையை விட்டு வருகிறவர் கையில் ஒரு மொத்தத் தொகை இருக்கும். அதை நாங்கள் வாங்கிப் பல இடங்களில் போட்டுவைத்து, மாதாமாதம் அவருக்கு ஒரு தொகை அனுப்புவோம். எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கையிருப்பு எவ்வளவு, விலைவாசி எப்படி ஏறும், போட்ட பணம் எப்படி வளரும் என்றெல்லாம் அதில் கட்டங்கள் இருக்கும். கடைசியில் ஒரு சின்னக் கட்டம்: ‘திட்ட முடிவு வயது.’ அதாவது இந்த மனிதர் எப்போது சாவார். அப்படி அச்சடிக்க முடியாது என்பதால் திட்ட முடிவு என்று போட்டிருக்கிறோம்.

மற்ற கட்டங்களை எல்லாம் உலகம் நிரப்பிவிடும். இந்த ஒரு கட்டத்தை மட்டும் ஆலோசகர்தான் நிரப்ப வேண்டும். தொண்ணூறு என்று போட்டால் மாதத் தொகை சுருங்கிப்போகும். வாடிக்கையாளர் உதட்டைப் பிதுக்கிவிட்டு எதிர்ச் சாரியில் இருக்கும் கம்பெனிக்குப் போய்விடுவார். அங்கே எழுபத்தெட்டு போட்டுக் கொழுத்த தொகையாகக் காட்டுவார்கள். அதனால் நாங்களும் எண்பது, எண்பத்தொன்று என்று போடுவோம். நேராகக் கேட்கவும் மாட்டோம். ‘அப்பா அம்மா எல்லாம் நல்லா இருந்தாங்களா? எந்த வயசு வரைக்கும்?’ என்று குடும்ப நலம் விசாரிப்பதுபோல விசாரித்துக்கொண்டே விரலை அந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோவோம். எல்லாருடைய கண்ணும் மாதத் தொகையில்தான் இருக்கும். தனக்குச் சாவு தேதி குறிக்கப்பட்ட காகிதத்தில் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு, ‘ரொம்ப நன்றி தம்பி’ என்று என் கையைப் பிடித்து எழுந்திருப்பார்கள்.

எங்கள் இயக்குநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு முதுமை என்ற சொல்லே ஆகாது. ‘பொற்காலம்’ என்பார். கூட்டத்தில் பேசினால் இருபது நிமிடத்தில் முப்பது தடவை பொற்காலம் வரும். அதனால் அலுவலகத்தில் அவருக்கே அந்தப் பெயர். ‘பொற்காலம் வந்தாச்சா?’ ‘பொற்காலம் பாத்ரூம்ல இருக்கு.’ இப்படித்தான் பேசிக்கொள்வோம். வாடிக்கையாளர் யாராவது இறந்துபோனால் கணக்கை முடிக்கும்போது கம்ப்யூட்டரில் ‘இறப்பு’ என்றுதான் முன்பெல்லாம் வரும். அது மனத்தைச் சோர்வடையச் செய்கிறது என்று அவர் மாற்றச் சொன்னார். கையிருப்பு தீராமல் ஒருவர் காலமானால் இப்போது பச்சை நிறத்தில் ‘இலக்கு நிறைவு’ என்று வரும். யோசித்துப் பார்த்தால் அதில் தவறும் இல்லை. திட்டம் அதைத்தானே சொல்கிறது.

பிரச்சினை, குறித்த வயதில் போகாதவர்கள்தான்.

முதலில் அப்படி வந்தவர் போஸ்ட்மாஸ்டர். ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து, எழுபது வயதில் என்னிடம் வந்தவர். நான் எண்பது போட்டிருந்தேன். எண்பது வந்தது, பணம் தீர்ந்தது, அவர் தீரவில்லை. மகன் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் இருந்த அறையில் அவருக்குக் கட்டில் போட்டார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வந்துவிடுவார். சட்டையில் சோப்புத்தூள் வாசனை அடிக்கும். சோபாவில் உட்கார்ந்து, ‘தம்பி, நமக்கு ஏதாவது வந்திருக்கா?’ என்பார். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் அவரிடம் கேட்ட கேள்வி.

‘இந்த மாசம் இல்லைங்க.’

‘சரி, அடுத்த மாசம் பார்ப்போம்.’

பொற்காலத்துக்கு இது பிடிக்கவில்லை. ‘அவரை முன்னாடி உட்கார வைக்காதீங்கப்பா. புதுசா வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?’ என்றார். அதனால் அவரைப் பின்னால், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவர் வருத்தப்படவில்லை. தண்ணீர் பிடிக்க வருகிறவர்களுக்கு டம்ளர் எடுத்துக் கொடுப்பார். ஒரு வருஷம் என் சம்பளத்திலிருந்து கொஞ்சம் எடுத்து, ‘வந்திருக்கு’ என்று கொடுத்தேன். பிறகு என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. ‘ஊர்ல இருக்கற கிழவரையெல்லாம் தத்து எடுத்துக்கிட்டா நம்ம வீட்டு அடுப்பு எப்படிங்க எரியும்?’ என்றாள். நியாயமான கேள்வி. நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் அவர் போகும்போது கையைக் கொடுத்தேன். எழுந்து நின்றவர் கையை விடாமல் கேட்டார்: ‘தம்பி, நீங்க எண்பதுன்னு போட்டிருந்தீங்க. எனக்கு எண்பத்தாறு ஆயிடுச்சு. நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், இல்லையா?’

கிண்டலாகக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கிற குரல். தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். ‘சந்தை நிலவரம் அப்படிங்க’ என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு போனார். எண்பத்தொன்பது வரை இருந்தார். அவருடைய கணக்கில் பச்சை வரவில்லை. பொற்காலம் அதைப் பழைய ஆவணங்கள் என்று தனியாக ஒதுக்கிவைக்கச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ஒன்று முடிவு செய்தேன். என்னிடம் வருகிற யாரும் இனி அப்படி ஒரு கேள்வி கேட்கிற நிலைக்கு வரக் கூடாது. நல்ல முடிவுதானே சார். இதுவரை சொன்னதில் நீங்கள் குறை சொல்ல எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

அடுத்து வந்தவர் பஸ் டிரைவர். ஆள் வாட்டசாட்டம், அவர் உட்கார்ந்தால் சோபாதான் பயப்படும். அவருக்கு எழுபத்தொன்பது போட்டிருந்தேன். அறுபத்தெட்டில் நெஞ்சில் ஏதோ அடைப்பு, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பணம் எடுக்க வந்தார். நான் திரையைத் திருப்பி அவருக்குக் கோட்டைக் காட்டினேன். கையிருப்பு எப்படிக் குறைகிறது என்று ஒரு கோடு வரும். தரையைத் தொடும் இடத்தில் பணம் தீர்ந்தது என்று அர்த்தம். அறுவை சிகிச்சைச் செலவைப் போட்டதும் கோடு எழுபத்திரண்டிலேயே தரையைத் தொட்டது.

‘ஆபரேஷன் பண்ணா எத்தனை வருஷத்துக்கு கியாரண்டி சார்?’ என்று கேட்டார்.

‘டாக்டர் அதெல்லாம் எழுதித் தரமாட்டாருங்க.’

‘வண்டிக்கு இன்ஜின் மாத்துனாக்கூட ஒரு வருஷம் தருவானே.’

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு போஸ்ட்மாஸ்டர் கதையைச் சொன்னேன், பெயர் சொல்லாமல். அந்த அறை, அந்தக் கட்டில், சோப்புத்தூள் வாசனை. டிரைவர் நான் கொடுத்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ‘வேணாம் சார். பொண்டாட்டி புள்ளைங்களுக்குப் பாரமா இருக்கறதுக்குப் பதிலா இப்படியே ஓட்டிருவோம்’ என்றார். பதினான்கு மாதம் ஓட்டினார். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது விழுந்துவிட்டார். அவர் மனைவி போன் செய்து, ‘ஒரு கடன் வைக்காமப் போயிட்டாருங்க, உங்க புண்ணியம்’ என்று அழுதார். நான் கணக்கை முடித்தேன். பச்சை வந்தது.

அன்றைக்கு வீட்டில் நன்றாகச் சாப்பிட்டேன். போஸ்ட்மாஸ்டருக்குப் பிறகு எனக்குப் பசியே சரியாக எடுத்ததில்லை. என் மனைவி ஆச்சரியமாகப் பார்த்தது நினைவிருக்கிறது. பின்னாளில் அவளே கண்டுபிடித்துவிட்டாள். இரண்டாம் தடவை சாதம் கேட்டால் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, ‘இன்னிக்கு யாருங்க போயிட்டாங்க?’ என்பாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அவளை இதில் இழுக்க வேண்டாம். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு சில பேருக்கு இதேபோல எடுத்துச் சொன்னேன். எத்தனை பேர் என்று கேட்டால், ஆறு. என் கையில் பட்டியல் இல்லை, ஆனால் கம்ப்யூட்டரில் இருக்கும். எல்லாம் பேச்சுதான். ஒரு தையல்காரருக்கு மாதச் செலவைக் குறைத்துக் கொடுக்கும்போது அவருடைய மாத்திரைச் சீட்டை வாங்கி, எது அவசியம், எது ஆடம்பரம் என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். நான் டாக்டர் இல்லை. அவரும் கேட்கவில்லை. கோட் போட்டு டை கட்டிய ஒருவன் பென்சிலை எடுத்தால் ஜனங்கள் எதையும் கேட்பதில்லை சார். இது நான் தொழிலில் கற்றுக்கொண்ட முதல் பாடம். பேச்சுக்குச் சட்டத்தில் என்ன பெயர் வைத்திருக்கிறீர்களோ, அந்தப் பெயரையே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இதற்கிடையில் பொற்காலம் புதிய விளம்பரத்தாள் அச்சடித்தார். பளபளவென்ற தாளில், கடற்கரையில் ஒரு கிழவனும் கிழவியும் பல்லைக் காட்டிக்கொண்டு ஓடுவார்கள். அந்த வயதில் எங்கே ஓடுகிறார்கள் என்று போடவில்லை. கீழே ஒரு வரி: ‘எங்கள் வாடிக்கையாளர் ஒருவர்கூடப் பணம் தீர்ந்து தவித்ததில்லை.’ கண்ணாடியில் ஒரு கேடயம் செய்து ஆண்டு விழாவில் எனக்குக் கொடுத்தார். அதைக் கொடுக்கும்போது, ‘இந்த மனிதர் வாழ்க்கைகளைத் திட்டமிடுகிறார்’ என்றார். கைதட்டினார்கள். என் தோள் வலித்தது. கேடயம் கனம்.

இப்போது டீச்சரம்மா.

ஓவிய ஆசிரியை. கணவர் முன்பே போய்விட்டார். ஒரே மகள் வேறு ஊரில். அறுபத்திரண்டு வயதில் என்னிடம் வந்தார். அவருடைய அம்மா எழுபத்தொன்பதில் இறந்ததாகச் சொன்னார். தாராளமாக இரண்டு கூட்டி எண்பத்தொன்று போட்டேன். நான் விளக்கிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவர் என் விளம்பரத்தாளின் பின்பக்கத்தில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தார். முடிந்ததும் காட்டினார். நான்தான். டை மட்டும் முழங்கால் வரை தொங்கியது.

‘நல்லா இருக்கீங்க தம்பி. டைதான் உங்களைக் கட்டிப் போட்டிருக்கு’ என்றார்.

கையெழுத்துப் போட்டதும் நான் கையை நீட்டினேன். அவர் கவனிக்காமல் தானாகவே எழுந்துவிட்டார். அந்த சோபாவிலிருந்து உதவியில்லாமல் எழுந்த ஒரே வாடிக்கையாளர். அப்போதே நான் அதைக் குறித்துவைத்திருக்க வேண்டும்.

வருஷத்துக்கு ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்க் கணக்கு காட்டுவேன். மூன்றாவது மாடி. லிப்ட் பாதி நாள் ஓடாது. நான் மேலே போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பேன். அவர் கதவைத் திறந்து, ‘உள்ள வாங்க தம்பி. முதல்ல உங்க திட்டத்தைப் பார்ப்போம், நீங்க எத்தனை வயசு வரைக்கும்னு’ என்பார். எழுபத்தைந்திலும் எல்லாப் பற்களும் அவருடையவை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். அறை முழுக்க வண்ண வாசனை. அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் காட்டுவார். எல்லாம் சரியாக இருக்கும். நான் கணக்குத்தாளில் அந்த எண்பத்தொன்றை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

கடைசி இரண்டு வருஷம் நிலவரம் உங்களுக்கே தெரியும். காய்கறியிலிருந்து கரண்ட் வரை எல்லாம் ஏறிற்று. போட்ட பணம் இறங்கிற்று. கேட்டால் மேலே இருப்பவர்கள், ‘நிச்சயமற்ற காலம்’ என்றார்கள். அவர்களுக்குக் காலம் எப்போது நிச்சயமாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. டீச்சரம்மாவின் கோடு எண்பத்தொன்றிலிருந்து எழுபத்தொன்பதுக்கு வந்தது. பிறகு எழுபத்தேழுக்கு. போன மாதம் பார்த்தபோது அவருக்கு எழுபத்தாறு. மீதி பதினோரு மாதம்.

கோட்டைக் காட்டினேன். பதினோரு மாதம் என்று வாயால் சொல்லவில்லை. கொஞ்சம் சரிவு இருக்கிறது என்றேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

‘என்ன தம்பி, கோடு இப்படி வழுக்கிக்கிட்டுப் போகுது? உங்க கை நடுங்குதா, இல்ல நாடே நடுங்குதா?’

‘சரியாயிடும்மா.’

‘சரி. லிப்ட் ரிப்பேருக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு கேக்கறாங்க. மத்தவங்கல்லாம் குடுத்தாச்சு, நான்தான் பாக்கி. என் பணத்துல கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்.’

கொடுத்தால் பதினோரு மாதம் ஒன்பதாகிவிடும். ‘லிப்ட் அவசியமாம்மா? நீங்கதான் நல்லா ஏறி இறங்கறீங்களே’ என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படம் போடுகிறவர்கள் பார்க்கிற பார்வை. ‘சரி விடுங்க. நான் பார்த்துக்கறேன்’ என்றார்.

அடுத்த மூன்று வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். கையில் டம்ளர். ‘தம்பி, ஏதாவது வந்திருக்கா?’ என்று கேட்டார். அப்படிப் பேசக்கூடிய ஆள் இல்லை அவர், எனக்குத் தெரியும். ஆனால் போஸ்ட்மாஸ்டரும் ஒரு காலத்தில் அப்படிப் பேசக்கூடிய ஆளாக இருந்திருக்கமாட்டார் அல்லவா. மூன்று தெருவுக்குக் கடிதம் வராவிட்டால் அவரிடம்தான் போய் நிற்பார்கள்.

மகளிடம் சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். என்னவென்று சொல்வது? நான் கட்டத்தில் தப்பாகப் போட்டுவிட்டேன் என்றா? அந்த ஒரு வாக்கியம் என் வாயில் என்றைக்கும் வந்ததில்லை. வேறு எதுவும் செய்துவிடலாம் போலிருந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன். காலாண்டின் கடைசி நாள். அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் கணக்குகளைப் பூட்டிவிடும். அதற்குள் முடிக்க வேண்டியதை எல்லாம் முடித்துவிட வேண்டும். விட்டால் அடுத்த காலாண்டுக்குப் போய்விடும், பொற்காலம் கண்ணில் விரலை விட்டு ஆட்டுவார். இருபத்தாறு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடத் தாமதித்ததில்லை. டீச்சரம்மா வீட்டுக்குப் போய்விட்டுப் பன்னிரண்டுக்குள் திரும்ப முடியாது என்று தோன்றியது. அதனால் கிளம்புவதற்கு முன்பே, பத்து மணி பத்து நிமிடத்துக்கு, அவருடைய கணக்கைத் திறந்து முடித்துவைத்துவிட்டுப் போனேன். பச்சை வந்தது. இலக்கு நிறைவு.

அதில்தான் மாட்டிக்கொண்டேன். மறுநாள் அவருடைய மகள் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து அம்மா இறந்த செய்தியைச் சொல்லியிருக்கிறார். வரவேற்பில் இருக்கும் பெண் திரையைப் பார்த்துவிட்டு ஆறுதலாக, ‘தெரியுங்க மேடம், நேத்து காலையிலயே பத்து மணிக்கு முடிச்சுட்டாங்களே’ என்று சொல்லிவிட்டாள். ‘அம்மா விழுந்தது பதினொண்ணேகாலுக்குங்க’ என்று மகள் சொன்னாராம். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. திரையில் இருந்ததைத்தான் படித்தாள். இத்தனை வருஷம் தாமதமே இல்லாமல் வேலை பார்த்தவன், அன்றைக்கு ஒரு மணி நேரம் முந்திவிட்டேன். இதைத் தவிர என் வேலையில் நீங்கள் வேறு பிழை கண்டுபிடிக்க முடியாது.

படிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் இல்லையா. தட்டச்சு அம்மாவும் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார்.

எப்போதும் நான் கிளம்பும்போது டீச்சரம்மாவும் கூடவே கீழே இறங்கி வருவார். தெருமுனைக் கடையில் ரொட்டி வாங்குவார். அன்றைக்கும் பையை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினார். பை அன்றைக்குக் கொஞ்சம் பெரியதாக இருந்தது. லிப்டில் இன்னும் பழுது என்ற அட்டை தொங்கியது.

‘திங்கட்கிழமையிலிருந்து ஓடுமாம். அதுவரைக்கும் உங்க கைதான் லிப்ட்’ என்றார்.

பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக என் கையைப் பிடித்தார். முழங்காலில் லேசாக வலி என்றார். ஒரு படியாக இறங்கினோம். இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவே திருப்பத்தில் ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது. அவர் நின்று, ‘இந்த வெளிச்சத்தைப் பாருங்க தம்பி. பத்தரையிலிருந்து பதினொண்ணரை வரைக்கும்தான் இது இப்படி இருக்கும். தினம் பார்க்கறேன், இன்னும் சரியாப் போட வரலை’ என்றார். அவர் முழுப் பாரத்தையும் என் கையில் சாய்த்துக்கொண்டு அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார்.

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

தள்ளவில்லை. தள்ளினேன் என்று அடித்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள். கையை எடுத்துக்கொண்டேன் என்று போடுங்கள். தவறியும் எடுக்கவில்லை, அதையும் போட்டுவிடுங்கள். எடுப்பதற்குமுன் அவர் கால் படியின் விளிம்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அவர் சத்தம் போடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தது போலத்தான் இருந்தது. பிறகு நான் கீழே இறங்கி, கடைக்காரரிடம் போன் செய்யச் சொன்னேன். அவர் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார். மதியம் அலுவலகத்துக்குப் போனேன். மாலை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டாம் தடவை சாதம் கேட்டேன். என் மனைவி எதுவும் கேட்காமல் போட்டாள். அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

அவ்வளவுதான். அவர் யாரிடமும் போய் நிற்கவில்லை. யாருடைய வீட்டிலும் துணி துவைக்கும் அறையில் படுக்கவில்லை. தான் சம்பாதித்த பணத்தில், தன் வீட்டுப் படிக்கட்டில், தனக்குப் பிடித்த வெளிச்சத்தில் போனார். விளம்பரத்தாளில் இருக்கிற எந்த வாக்கியத்தையும்விட இது உண்மை.

நீங்கள் டீ குடிக்கப் போனபோது அந்த நோட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனீர்கள். நான் படிக்க வேண்டும் என்றுதான் வைத்தீர்கள், அது புரிந்தது. டீச்சரம்மாவின் பையில் இருந்ததாம். படம் வரையும் நோட்டு, ஆனால் படம் குறைவு. முதல் பக்கத்தில் பதினான்கு வருஷத்துக்கு முந்தைய தேதி. பென்சிலில் எழுதியிருக்கிறார்: ‘தம்பி எண்பத்தொண்ணுன்னு போட்டிருக்கார். பாவம், தொகை பெரிசாத் தெரியணும்னு. நான் நூறு போட்டுக்கறேன்.’

கீழே கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக் கணக்கு. நான் அனுப்பிய மாதத் தொகையில் பாதியைத்தான் செலவு செய்திருக்கிறார். மீதியையும் ஓவிய வகுப்பில் வந்ததையும் வேறொரு வங்கியில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். பதினான்கு வருஷம், ஒரு மாதம் விடாமல். எங்கள் படிவத்தில் பதினெட்டாவது கேள்வி, வேறு சேமிப்பு உண்டா என்பது. ஒவ்வொரு வருஷமும் அதைக் காலியாக விட்டுவிட்டார். நான் நேர்மையாகக் கேட்டிருக்கிறேன் சார், அவர் சொல்லவில்லை. லிப்டுக்கான தொகையையும் அந்தக் கணக்கிலிருந்தே போன வாரம் கொடுத்துவிட்டார்.

கடைசிப் பக்கத்தில் இருப்பது அந்த நாள் காலையில், நான் அவர் எதிரே உட்கார்ந்திருந்தபோதே எழுதியது போலிருக்கிறது. ‘அடுத்த வருஷம் தம்பி வந்து பணம் தீர்ந்துடுச்சுன்னு சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு இப்பவே இளைச்சுப்போயிட்டார். அவ்வளவு நாள் எதுக்கு? இன்னிக்கே கீழ டீக்கடையில உட்காரவெச்சு, ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு, இந்த நோட்டைக் காட்டிடணும்.’ பக்கத்தில் ஒரு சின்னப் படம். நான்தான். டை இல்லை.

இரண்டு தடவை படித்தேன். எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தத் தட்டச்சு அம்மாவிடம் பென்சில் வாங்கினேன். இதோ, இந்தக் காகிதத்தில் போட்டிருக்கிறேன், வாக்குமூலத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். டீச்சரம்மா விலைவாசி ஏற்றத்தை வருஷத்துக்கு நாலு சதவீதம் என்று போட்டிருக்கிறார். ஓவிய ஆசிரியைதானே, யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இந்தக் காலத்தில் ஆறு சதவீதமாவது போட வேண்டும். ஆறு போட்டுப் பார்த்தேன். நூறு வரவில்லை. தொண்ணூற்றாறு வயது நாலு மாதத்தோடு தீர்ந்துவிடுகிறது.

அதற்கப்புறம் அவர் யாரிடம் போய் நின்றிருப்பார் சார், நீங்களே சொல்லுங்கள்.